கரையோர மாவட்டங்களின் வெப்ப எச்சரிக்கையில் புழுக்கத்தையும் கணக்கிடக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டுமானப் பணியிடப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள்,
சென்னை.

பெறுநர்:
வருவாய் நிர்வாக ஆணையர் அவர்கள்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை – 5.

பொருள்: வெப்ப எச்சரிக்கையில் ஈரக்குமிழ் வெப்பநிலையை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை) சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது தொழிலாளர்களுக்குப் பெரிய துணை. ஆனால் கரையோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல வெயில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். மே மாதத்தில் சென்னையின் இயல்பே 37-ஐ ஒட்டியது. ஆகவே 35 டிகிரிப் புழுக்கத்தில் ஆள் மயங்கி விழும் நாள் கணக்கிலேயே வருவதில்லை.

வியர்வை ஆவியானால்தான் உடல் தணியும். வேலூரில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24. சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது 30. வியர்வை சொட்டும், சூடு இறங்காது. பிற்பகலில் கடற்காற்று வந்ததும் வெப்பமானி இறங்கினாலும் ஈரக்குமிழ் அளவு பல நாள்களில் இறங்குவதில்லை. காற்றே நுழையாத சென்ட்ரிங் (கான்கிரீட் வார்க்கும் தாங்கு பலகை) அடியிலும் பூச்சு வேலை நடக்கும் அறையிலும் நிலைமை இன்னும் கொடுமை. 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு என்பது மட்டும் இங்கே போதாது.

ஏர் கூலரும் ஈரத் தட்டியும் வேலூருக்குப் பொருந்தும். சென்னையில் மூடிய ஷெட்டுக்குள் கூலர் வைத்தால் புழுக்கம்தான் கூடும். எதிரெதிர்த் திறப்புகளும் பெரிய மின்விசிறிகளும் வேண்டும்.

எனவே கரையோர மாவட்டங்களுக்கான எச்சரிக்கையில் ஈரக்குமிழ் அளவையும் வெளியிட வேண்டுகிறோம். பெரிய கட்டுமான இடங்களில் காலை 10, பகல் 1, மாலை 4 மணிக்கு அளவெடுக்க உத்தரவிட வேண்டும். உலர்ந்த வெப்பமானி ஒன்றும் மஸ்லின் துணி சுற்றிய வெப்பமானி ஒன்றும் கொண்ட, கையால் சுழற்றும் ஈரமானியே போதும். மஸ்லின் உறையை வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நனைத்து, நிழலில் ஒரு நிமிடம் சுழற்றி, ஈரக்குமிழை முதலில் படிக்க வேண்டும். அளவு மேலும் இறங்காமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து துணி விறைத்து, அளவைக் கூட்டிக் காட்டும். துணி காய்ந்தாலும் அதே பிழை. அளவு 28-ஐத் தாண்டினால் மணிக்கு 15 நிமிட ஓய்வும், 30-ஐத் தாண்டினால் சுமை தூக்குதல், கான்கிரீட் போடுதல் ஆகியவற்றுக்கு நிறுத்தமும் வேண்டும்.

புதிதாக வரும் தொழிலாளிக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டும் முறையையும் ஆணையில் சேர்க்கப் பணிவுடன் வேண்டுகிறோம். புழுக்கத்துக்குப் பழகாத உடல்தான் முதல் வாரத்தில் சாய்கிறது.

இப்படிக்கு,
மனுதாரர்கள்