மின்வில் உலைக்கு மெகாவாட் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கி எஃகு ஆக்கும் மின்வில் உலைகளைப் பற்றி அண்மைக்காலமாகத் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் டாடா நிறுவனம், கரியை எரித்துத் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் தன் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு 32 லட்சம் டன் உருக்கக்கூடிய மின்வில் உலையை அதே இடத்தில் அமைக்க முனைந்தது. நம் நாட்டிலோ, உற்பத்தியாகும் எஃகில் பாதிக்கு மேல் ஏற்கெனவே மின்சாரத்தில்தான் உருகுகிறது. ஆனால் எந்தச் செய்தியை எடுத்தாலும், உலைக்கு எத்தனை மெகாவாட் வேண்டும், யூனிட் என்ன விலை என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெளிமாநிலத்து உருக்காலை ஒன்றின் மின்பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் எப்போதும் விடுபட்டுப்போகும் மூன்றாவது கேள்வியை, அதாவது உலையின் துள்ளலை அந்த இடத்து மின்கட்டம் தாங்குமா என்பதை, எழுப்பவே இக்கடிதம் எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் பழைய இரும்பை உருக்க நல்ல நிலையில் உள்ள மின்வில் உலைக்குச் சுமார் 400 யூனிட் செலவாகும். 100 டன் உலையில் ஒரு ‘ஹீட்’, அதாவது ஒரு முறை உருக்கி எடுக்க, 40,000 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் வந்ததே, அப்படி 400 வீடுகளுக்குக் கொடுக்கும் மின்சாரம் அது. அதை நாற்பது நிமிடத்தில் உலை குடித்துவிடுகிறது. அதாவது சராசரியாக 60 மெகாவாட். டிரான்ஸ்பார்மர் அந்த மின்சாரத்தை 33 ஆயிரம் வோல்ட்டிலிருந்து 800 வோல்ட் அளவுக்கு இறக்கி, 50 ஆயிரம் ஆம்பியருக்கு மேல் மூன்று கிராஃபைட் எலக்ட்ரோடுகளுக்கு (கரித்தண்டுகளுக்கு) அனுப்புகிறது. அவற்றின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே பாயும் மின்பொறிதான் வில்.

இந்த 60 மெகாவாட் சீராக ஓடினால் எந்தத் தொல்லையும் இல்லை. பெரிய நூற்பாலைகளும் குளிர்பதன நிலையங்களும் சீராக ஓடுகின்றன. கோவைப் பகுதி வார்ப்பாலைகளில் பெரும்பாலும் உள்ள, வில் இல்லாமல் காந்தப்புலத்தால் சூடேற்றும் இன்டக்‌ஷன் உலைகளுக்கு மின்னலையின் வடிவத்தைக் கெடுக்கும் ஹார்மானிக்ஸ் என்ற வேறு சிக்கல் உண்டே தவிர, அவையும் ஏறக்குறைய சீரான சுமைதான். மின்வில் உலையின் சுபாவம் அப்படிப்பட்டதல்ல. வாளியிலிருந்து இரும்பு கொட்டப்பட்டு எலக்ட்ரோடுகள் கீழிறங்கும் முதல் பத்து நிமிடங்களில் கண்ட்ரோல் அறையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இடி விழுவது போன்ற ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது; ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு நொடி சுழியத்திலும் மறுநொடி கடைசிக் கோட்டிலுமாகத் துள்ளும்; தொடைப் பருமன் கொண்ட நீர்க்குளிர்ப்புக் கேபிள்கள் தமக்குள்ளேயே ஒன்றையொன்று உதைத்துத் தள்ளிக்கொண்டு ஊஞ்சல்போல் ஆடும். உருகிக்கொண்டிருக்கும் குவியலிலிருந்து ஓர் இரும்புத் துண்டு சரிந்து எலக்ட்ரோடின் மேல் விழுந்தால் அது ஷார்ட் சர்க்யூட். அது எரிந்து விலகினால் வில் அறுந்துபோகும். இரும்பு முழுவதும் உருகி, நுரைத்த கசடு வில்லை மூடிக்கொண்ட பிறகே உலை அடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷார்ட் சர்க்யூட் ஆகும் அந்தக் கணத்தில் உலை எடுக்கும் மெகாவாட் உண்மையில் குறைகிறது. எகிறுவது, வேலை எதுவும் செய்யாமல் கம்பிக்கும் உலைக்கும் இடையே போய்வரும் எதிர்வினைத் திறன்; அதன் அளவு மெகாவார். மின்கம்பியின் வோல்டேஜை இழுத்துத் தாழ்த்துவதும் அதுவே. எவ்வளவு தாழும் என்பது, உலை இணைந்துள்ள துணை மின் நிலையம் எவ்வளவு வலுவானது, அதாவது அங்கே ஷார்ட் சர்க்யூட் ஆனால் எத்தனை எம்.வி.ஏ. (மெகா வோல்ட்-ஆம்பியர்) பாயக்கூடும் என்பதைப் பொறுத்தது. உலையின் துள்ளல் 60 மெகாவார் என்று வைத்துக்கொள்வோம். துணை மின் நிலையத்தின் வலு 1,000 எம்.வி.ஏ. என்றால் வோல்டேஜ் 6 சதவீதம், அதாவது வீட்டில் 14 வோல்ட், கீழே போய்த் திரும்பும். வலு 6,000 எம்.வி.ஏ. என்றால் அதே உலையால் ஒரே ஒரு சதவீதம்தான் ஆட்டம் வரும். மெகாவாட் தேவை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மனிதக் கண்ணோ, நொடிக்கு எட்டு ஒன்பது முறை வோல்டேஜ் கால் சதவீத அளவுக்கு ஆடினாலே குண்டு பல்பின் துடிப்பை உணர்ந்துவிடும் அளவுக்கு நுட்பமானது. அந்த ஆட்டத்தை அளக்கும் கருவி இன்றும் பழைய 60 வாட் குண்டு பல்பை அடிப்படையாக வைத்தே உருவாக்கப்பட்டுள்ளது என்பதையும், எல்.இ.டி. விளக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் ஆலையில் உலையின் துள்ளலை ஈடுகட்ட, தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சால் இயங்கும் ஈடுசெய் கருவி ஒன்று இருந்தது. ஒரு கோடைக்காலத்தில் அதன் குளிர்விப்புப் பகுதி பழுதாகி, உதிரிப்பாகம் வந்துசேர இரண்டரை மாதமானது. அதுவரை உலையைக் குறைந்த டேப்பில், அதாவது டிரான்ஸ்பார்மரின் குறைந்த வோல்டேஜ் நிலையில், ஓட்டலாம் என்று மின்பிரிவில் நாங்கள் சொன்னோம். ஹீட் எண்ணிக்கை குறையும் என்று நிர்வாகம் ஒப்பவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ‘ஈடுசெய் கருவி இயக்கத்தில் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். ஆலைக்குப் பின்புறக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக் குண்டு பல்பு, காற்றில் அகப்பட்ட சிமினி விளக்குபோல் துடித்துக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள், தலை வலிக்கிறதப்பா என்று புத்தகத்தை மூடிவைப்பாள். அது ஏன் துடிக்கிறது என்று அந்தத் தெருவில் அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டார் வயரிங்கை மாற்றினார்கள், பல்பை மாற்றினார்கள், லைன்மேனைத் திட்டினார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லாமல் இருந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இந்தக் குறைக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தைரிஸ்டர் கருவி ஆட்டத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். பின்னர் வந்த ஸ்டாட்காம் என்ற மின்னணு ஈடுசெய் கருவி அதைவிட விரைவாக வேலை செய்து இன்னும் நன்றாக அடக்கும். ஒரே எலக்ட்ரோடில் ஓடும் நேர்மின்னோட்ட (டி.சி.) உலைகளில் ஆட்டமே குறைவு. செலவு அதிகமானாலும், உலையை 110 அல்லது 230 கிலோவோல்ட் வலுவான துணை மின் நிலையத்தோடு தனிக் கம்பியில் இணைப்பதே எல்லாவற்றிலும் உறுதியான வழி. மின்வில் உலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நிலக்கரி மின்சாரத்திலேயே ஓடினாலும், பழைய இரும்பை உருக்கும் உலை ஒரு டன்னுக்கு வெளியிடும் கரியமில வாயு ஊதுலை வழியைவிட மிகமிகக் குறைவு. சேலம் உருக்காலையிலும் 2010இல் உருக்குப் பிரிவு வந்தபோது மின்வில் உலையே வந்தது. உலைகள் பெருக வேண்டும், பெருகும்.

ஆனால் ஆலைக்கு மாதாமாதம் வரும் கட்டணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யூனிட் எவ்வளவு, உச்சத் தேவை எவ்வளவு, சராசரி திறன்காரணி (இழுத்த திறனில் வேலைக்குப் பயன்பட்ட பங்கு) எவ்வளவு என்று இருக்கும். இவை எல்லாமே சராசரிகள். நொடிக்குப் பலமுறை நிகழும் துள்ளல் இவற்றில் எதிலும் தெரியாது. திறன்காரணி 0.95 என்று பாராட்டுப் பெறும் ஆலையின் பக்கத்துத் தெருவில் விளக்கு துடித்துக்கொண்டிருக்கலாம். மத்திய மின்சார ஆணையம் 2007இல் வகுத்து 2019இல் திருத்திய மின்கட்ட இணைப்பு விதிகள் மின்சாரத்தின் தரத்துக்கு வரம்பு வகுத்துள்ளன. அந்த வரம்பு காக்கப்படுகிறதா என்பது அந்தக் கம்பியில் வாழும் மக்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே, புதிய உலைக்கு அனுமதி கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், மெகாவாட்டுக்குப் பக்கத்திலேயே, இணையும் துணை மின் நிலையத்தின் ஷார்ட் சர்க்யூட் வலுவும் எழுதப்பட்டு, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அது தமிழில் படிக்கப்பட வேண்டும். இணைப்புப் புள்ளியில் ஆட்டத்தை அளக்கும் கருவி நிரந்தரமாக இருக்க வேண்டும். அதன் மாதாந்திர அளவு அப்பகுதி மின்வாரிய அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். ஈடுசெய் கருவி நின்றுபோனால் உலை தானாகவே குறைந்த டேப்புக்கு இறங்கும்படி பூட்டு அமைப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். நிர்வாகத்தின் மனத்தையோ ஷிஃப்ட் பொறுப்பாளரின் துணிச்சலையோ நம்பி இதை விடக் கூடாது. ஈடுசெய் கருவி ஏற்கெனவே உள்ள ஆலையில் அந்தப் பூட்டுக்குத் தேவைப்படுவது ஒரு ரிலே (தானியங்கி சுவிட்ச்) காண்டாக்டும் சில மீட்டர் கண்ட்ரோல் கேபிளும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உருக்காலை மின்பிரிவு ஊழியர்,
ஈரோடு