ஓசிடி பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

குமரி மாவட்டத்தில் அரசு மனநலச் சேவையை நடத்தும் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ‘ஓசிடி’ (வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வந்து, கை கழுவுவது போன்ற செயலைச் செய்துகொண்டே இருக்க வைக்கும் மனநோய்) என்று சீட்டில் எழுதி, மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச்சொல்லி அனுப்பப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதுகிறோம். நிலைமை உங்களுக்குத் தெரியும். தாலுகாதோறும் வாரம் ஒரு நாள், ஈஆர்பி (பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, கழுவுவது போன்ற செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் உளவியல் சிகிச்சை) பயிற்சி தெரிந்த ஓர் உளவியலாளர், பிள்ளைக்கு ஒரு மணி நேரம். கேட்பது இவ்வளவுதான்.

மாத்திரையைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2004-ல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், நோய் ஏறக்குறைய நீங்கியவர்கள் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தோரில் நூற்றுக்கு 21, ஈஆர்பி அடங்கிய உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றோரில் 39, இரண்டும் பெற்றோரில் 54. 25 வயதுக்குள் இருப்பவர்களிடம், மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று விசாரிக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

ஈஆர்பி பயிற்சிக்கு மருந்து வேண்டாம், பொறுமை வேண்டும். எதைத் தொட்டால் எவ்வளவு பயம் என்று நூற்றுக்குப் பிள்ளையே மதிப்பெண் போடும். முப்பது மதிப்பெண் பயத்தில் தொடங்கி, கதவுக் கொண்டியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் இருக்க வேண்டும். “அழுக்கொண்ணும் இல்ல மக்ளே” என்று அம்மா ஆறுதல் சொன்னால் அன்றைய பயிற்சி கெட்டது. கழுவாமலே பயம் அடங்கும் என்பதைப் பிள்ளை அறியாமலே போகும். அதனால் அம்மாவும் உடன் உட்கார்ந்து பழக வேண்டும்.

இங்கேதான் இடிக்கிறது. கொல்லங்கோட்டிலிருந்து வாரந்தோறும் நாகர்கோவிலுக்கு வர, அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். 14 அமர்வு என்றால் 14 கூலி. பிள்ளைக்கு 14 நாள் பள்ளி. நாலாம் வாரம் வராமல் நின்றால் ‘ஒத்துழைப்பில்லை’ என்று எழுதுவது நியாயமா? 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, சென்றடையக்கூடிய தொலைவில் சிகிச்சை கிடைப்பதையும் உரிமை என்கிறது. புதுக் கட்டடத்துக்குக் காட்டும் அவசரத்தை ஒரு பணியாளருக்கும் காட்டுங்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களிலிருந்தாவது தொடங்குங்கள்: வாரம் ஒரு நாள், கதவு சாத்திய ஓர் அறை, பிள்ளைக்கு ஒரு மணி நேரம். தயவுசெய்து தேதி குறித்து அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓசிடி பிள்ளைகளோடு பணியாற்றுவோர்