ஏழு ‘வெரி’யும் ஒரு ‘ஒன்லி’யும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வேலை விண்ணப்பத்தைப் படித்தேன். ஒரே பக்கத்தில் ஏழு ‘வெரி’. மிகுதியைச் சொல்ல நன்னூல் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு சொல் தருகிறது. உனக்கு இங்கிலீஷில் ஒன்றுதான் கிடைத்ததா? ஊரறிய எழுதுகிறேனே என்று முறைக்காதே. இதெல்லாம் நானும் செய்து அசடு வழிந்தவள்தான்.

‘ஐ வெரி லைக் திஸ் ஒர்க்’ என்கிறாய். நம் ‘ரொம்ப’ எங்கேயும் போய் ஒட்டிக்கொள்ளும்: ரொம்ப நல்லவன், ரொம்பப் பிடிக்கும். ‘வெரி’ வினையோடு ஒட்டாது. ‘ஐ ரியலி லைக்’ என்று எழுது, இல்லாவிட்டால் ‘வெரி மச்’சைக் கடைசியில் போடு. ‘வெரி பெட்டர்’ கிடையாது, ‘மச் பெட்டர்’. ‘எக்ஸலன்ட்’ ஏற்கெனவே உச்சியில் உட்கார்ந்திருக்கிற சொல், அதன் தலையில் ‘வெரி’யை ஏற்றாதே, வேண்டுமானால் ‘அப்சலூட்லி’ போடலாம். ‘யுவர் கம்பெனி இஸ் டூ குட்’ என்றால் அளவுக்கு மீறி நல்ல கம்பெனி என்று ஆகிறது. அப்புறம் ‘மை இங்கிலீஷ் இஸ் குவைட் குட்’. ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் முழுக்க முடியாதது. ஆனால் ‘குவைட் குட்’ பிரிட்டிஷ்காரர் காதில் ‘ஏதோ, பரவாயில்லை’ என்றுதான் விழும். அது உண்மைதான், ஆனால் நீயே சொல்லிக்கொள்ள வேண்டுமா?

என்னை உலுக்கியது இந்த வரி: ‘ஐ ஒன்லி டிசைன்ட் திஸ் ஆப்.’ நீ சொல்ல வந்தது ‘நான்தான் வடிவமைத்தேன்’. படிப்பவருக்குப் போய்ச் சேருவது ‘வடிவமைத்தேன், அவ்வளவுதான், வேறெதுவும் செய்யவில்லை’. நம் ‘தான்’ எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அதை அழுத்தும். அதை ‘ஒன்லி’ என்று மாற்றினால் அழுத்தம் போய் ‘மட்டும்’ வந்துவிடுகிறது. இந்தியர்கள் தங்களுக்குள் பேசும்போது புரிந்துகொள்வார்கள். வெளியாளுக்கு நீ உன் உழைப்பைப் பாதியாக்கிக் காட்டுகிறாய். ‘ஐ டிசைன்ட் திஸ் ஆப் மைசெல்ஃப்’ என்று எழுது. வேறு யாரோ செய்ததாகப் பேச்சு வந்தால் ‘இட் வாஸ் மீ ஹூ டிசைன்ட் இட்’.

ஒரே ஓர் இடத்தில் தமிழை அப்படியே இறக்கலாம். ‘அனுபவம் இல்லையாமே’ என்று யாராவது இழுத்தால் நாம் என்ன சொல்வோம்? ‘இருக்கத்தான் செய்கிறது.’ இங்கிலீஷும் அதே ‘செய்’யைத்தான் கூப்பிடுகிறது: ‘ஐ டூ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ்.’ மெயில் வரவில்லை என்றால் ‘ஐ டிட் செண்ட் இட்’, அனுப்பத்தான் செய்தேன். பேசும்போது குரலை அந்த ‘டூ’, ‘டிட்’ மேல் ஏற்று. யாரும் சந்தேகப்படாதபோது இதை எடுக்காதே, சண்டைக்கு வருவது போலிருக்கும்.

‘டெரிபிலி’, ‘ஆஃபுலி’ எல்லாம் நம் ‘பயங்கர அழகு’ மாதிரி, பயத்தில் பிறந்து மிகுதிக்கு வந்த சொற்கள். பேச்சுக்கு ஜோர், விண்ணப்பத்துக்கு வேண்டாம்.

‘வெரி ஹார்ட்வொர்க்கிங்’கை அடித்துவிட்டேன். அந்த ஆப்பை எத்தனை நாளில் முடித்தாய் என்று அங்கே எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
அக்கா