ஸ்ட்ரெயினரில் இருந்த பசை

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள் என்ற இடத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். கார்தான் நித்திரையைக் கெடுக்கிறது.

2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு, சேர்த்த காசையெல்லாம் போட்டு வாங்கிய புதுக் கார். 31,000 கிலோமீற்றர்கூட ஓடவில்லை. மூன்று கிழமைக்கு முன் கிளிநொச்சியால் வரும்போது ஆனையிறவு உப்பளத்தடியில் ஒயில் லைட் சிவப்பாக எரிந்தது. உடனே ஓரங்கட்டி நிறுத்தினேன். அதற்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம், எஞ்சின் போய்விட்டது.

விற்றவர்களிடமே கட்டி இழுத்துக்கொண்டு போனேன். வாரன்டி 3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். மனேஜர் சேர்விஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, கடைசி ஒயில் மாற்றம் 800 கிலோமீற்றர் பிந்திவிட்டது, வாரன்டி செல்லாது என்றார். நான் கவனிக்காமல் விட்டேனாம். அப்பாவின் பழைய ஒஸ்டின் ஏ-40 காரை நாங்கள் இருவரும் எப்படிப் பார்த்தோம் என்று உனக்குத் தெரியும். அந்தச் சொல்தான் சுட்டது.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். ஒயில் உறிஞ்சும் ஸ்ட்ரெயினர் வலையில், சாம்பல் நிறத்தில் நகத்தளவுத் துண்டுகள். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். றப்பர் போல நீண்டது. சம்ப்பைப் பூட்டும்போது ஒயில் கசியாமல் விளிம்பில் பூசுகிற கேஸ்கட் பசை! ஒயில் பிந்தினால் கறுப்புக் களிதான் படியும், பசை எங்கிருந்து வரும்? இரண்டரை மாதத்துக்கு முன் ஒயில் கசிகிறது என்று அதே சம்ப்பை அவர்கள்தான் கழற்றிப் பூட்டினார்கள். பில் என்னிடம் இருக்கிறது. அளவுக்கு மீறிப் பூசியது உள்ளே பிதுங்கி, கழன்று, வலையை அடைத்திருக்கிறது. ஒயில் ஏறாமல் பெயரிங் காய்ந்து தேய்ந்துவிட்டது.

இப்போது பாதிச் செலவை ஏற்கிறோம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மற்றப் பாதியை நான் கட்டினால், பாதிப் பிழை என்னுடையது என்று ஒத்துக்கொண்ட மாதிரித்தானே?

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சம்ப் வேலை நடந்த நாளிலிருந்து எண்ணினால் இன்னும் 12 நாள்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, போகிறேன். ஸ்ட்ரெயினரைக் கழுவ விடாமல் பையில் போட்டு, அவர்களின் கையெழுத்தோடு ஒட்டுவித்திருக்கிறேன்.

நீ முப்பது வருடம் எஞ்சினோடு கிடந்தவன். இதோடு வரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுது. நான் பிழையாக விளங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லு.

அன்புடன்,
ரவி