கணினி ராமின் வேகமும் கடைக்காரர் சொல்லாத செய்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியை நிர்ணயித்த அளவுக்கு மேல் ஓட்டும் 'ஓவர்கிளாக்' பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயலிக்கு (பிராசசர்) கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால், அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மின்செலவும் சூடும் ஏறும் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருந்தார். ஆனால் கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராம் பற்றிய பகுதியை, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை (ராமை அதன் உறையில் போட்ட வேகத்தில் ஓட்டும் ஆயத்த அமைப்பு) இயக்கிவிட்டால் போதும், அதில் ஆபத்து ஏதுமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த வரி உடன்பாடில்லை.

ரைசன் 5000 வரிசைச் செயலியோடு, டிடிஆர்4 வகையில் 16 ஜிபி ராம் நான்கைப் பொருத்தி ஒரு கடையில் கணினி வாங்கினேன். ராமின் உறையில் வேகம் 3600 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கடைக்காரத் தம்பியும் எக்ஸ்எம்பியை இயக்கி அந்த வேகத்திலேயே வைத்துக் கொடுத்தார், என்னிடம் சொல்லவில்லை. மாசி வரை குறையொன்றும் தெரியவில்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் முகூர்த்தப் படமொன்றைத் திறந்தால், தாலி கட்டும் கைக்குக் கீழே பாதிப் படம் சாம்பல் பட்டையாக இருந்தது. கேமராவின் கார்டில் இருந்த அதே படம் பழுதில்லாமல் இருந்ததால், ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகித்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதில் ஏற்றிய படங்களிலும் சில கெட்டன. கடைசியில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோதுதான் இரண்டாம் சுற்றிலேயே பிழைகள் வரிசையாக வந்து நின்றன. வேகத்தை 2666-க்கு இறக்கிய பிறகு, விடிய விடிய ஓட்டியும் ஒரு பிழைகூட வரவில்லை.

அந்தச் செயலிக்கு இரண்டு ராம் போட்டால் 3200, நான்கு போட்டால் ராமின் அமைப்பைப் பொறுத்து 2933 அல்லது 2666 வேகம் வரைதான் அதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் பொறுப்பேற்கிறது. டிடிஆர்4-க்கு வகுத்த மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதைப் பெரும்பாலும் 1.35 ஆக்குகிறது. ஆக, ஒரு பொத்தானில் அடங்கிவிட்டாலும் அதுவும் ஓவர்கிளாக்தான்.

செயலியை அளவுக்கு மீறி விரட்டினால் கணினி பெரும்பாலும் உறைந்தோ நீலத்திரை காட்டியோ நம்மை எச்சரித்துவிடும். ராமோ பல நேரம் ஒரு பிட்டை (தரவின் 0 அல்லது 1 என்ற மிகச் சிறிய அலகு) மாற்றிவிட்டுச் சும்மா இருக்கும். கெட்ட கோப்பு வட்டில் பதிவாகி, அங்கிருந்து பேக்கப்பிலும் போய் உட்கார்ந்துவிடும். பிழை திருத்தும் ஈசிசி வசதி சாதாரண மேசைக் கணினி ராம்களில் இல்லை. அடுத்த தலைமுறை டிடிஆர்5-இல் உள்ள திருத்தமும் ராம் சில்லுக்குள் மட்டுமே. ராமுக்கும் செயலிக்கும் இடையே போகும் வழியில் கெடுவதை அது பிடிப்பதில்லை.

நான் ஓவர்கிளாக்குக்கு எதிரியல்ல. 1998-இல் வந்த செலரான் 300ஏ செயலியை, பஸ் (செயலிக்குத் தரவு போகும் பாதை) வேகத்தை 66-இலிருந்து 100 ஆக்கி 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதைத் தெரிந்தே செய்தேன். எக்ஸ்எம்பியை இயக்கித் தரும் கடைக்காரர்கள் அதை பில்லில் எழுதி, ஓர் இரவாவது மெம்டெஸ்ட் ஓட்டிய பிறகே பெட்டியை ஒப்படைக்க வேண்டும். 'ஆபத்தில்லை' என்ற அந்த வரிக்குத் தாங்களும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆல்பம் வடிவமைப்பாளர் ஒருவர்,
கரூர்.