கட்டைவிரலைக் கவிழ்த்தவர்கள் ஆடத் தெரியாதவர்கள் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்டன் ரிங் விளையாட்டின் விரிவாக்கமான (அடிப்படை ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதி) 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீடியோ கேமுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முடிந்த விதம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள் திட்டினார்கள், காரணம் இந்தக் காலத்து ஆட்களுக்குக் கஷ்டப்பட்டு ஆடப் பொறுமை இல்லை என்று மூன்று வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் அந்த விரிவாக்கத்தை முழுக்க ஆடி முடித்தவன், எனக்கு மிகவும் பிடித்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று. அதனாலேயே திட்டியவர்கள் பக்கம் நின்று கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றியது.

கட்டுரையில் சொன்ன விவரங்களில் தவறில்லை. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தது, விரிவாக்கம் 2024 ஜூன் 21 அன்று வந்தது. வெளியாவதற்கு முன்பே வந்த விமர்சனங்களைக் கூட்டிப் பார்த்து மெட்டாக்ரிட்டிக் என்ற இணையதளம் கொடுத்த மதிப்பெண் 90ஐத் தாண்டி நின்றது. மூன்று நாளில் 50 லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. அதே வாரக் கடைசியில், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியவர்கள் போட்ட கருத்துகளுக்கு 'கலவையான கருத்து' என்ற முத்திரை விழுந்தது. எல்லாம் சரி. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதுதான் கோளாறு. மெட்டாக்ரிட்டிக் விமர்சகர்கள் போட்ட மதிப்பெண்களின் சராசரி, ஸ்டீமிலோ மதிப்பெண்ணே கிடையாது. கட்டைவிரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். நூற்றுக்கு 70 கொடுக்க நினைப்பவருக்கும் பூஜ்யம் கொடுக்க நினைப்பவருக்கும் அங்கே இருப்பது ஒரே பொத்தான். 'வரைபடம் பிரமாதம், சண்டை பிரமாதம், ஆனால் என் கணினியில் திக்கித் திக்கி ஓடுகிறது, சரிசெய்தபின் வாங்குங்கள்' என்று நினைக்கும் ஒருவர் எந்தப் பக்கம் போடுவார்? கீழேதான். அந்த வாரம் கணினியில் ஆடிய பலரின் புகார் சரியாக இதுதான். ரே டிரேசிங் வசதி (ஒளியை நிஜம்போல் காட்டும், கணினிக்குச் சுமையான அமைப்பு) உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம், அதை அணைத்துப் பாருங்கள் என்று தயாரிப்புத் தரப்பே அறிவுரை சொல்ல வேண்டிவந்தது. இதில் பொறுமையின்மை எங்கே வந்தது?

இனி கஷ்டம் என்ற விஷயத்துக்கு வருகிறேன், மனசில் இருப்பது முக்கியமாக இதுதான்.

ஆக்‌ஷன் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே சண்டையிடும் ஆட்டம், ஆடுகிறவன் நூறு மணி நேரம் உழைத்து ஒரு பாத்திரத்தை வளர்க்கிறான். லெவல், ஆயுதம், கவசம், மந்திரம் எல்லாம் அவன் சேர்த்த சொத்து. விரிவாக்கத்துக்குள் நுழையவே அடிப்படை ஆட்டத்தில் ரடான், மோக் என்ற இரண்டு பெரிய பாஸ்களை (வீழ்த்தக் கடினமான முக்கிய எதிரிகளை) வீழ்த்தியிருக்க வேண்டும், ஆக உள்ளே வருகிறவன் யாரும் கத்துக்குட்டி இல்லை. அப்படி வந்தவனுக்கு விரிவாக்கம் நடக்கும் நிழல் உலகம் சொல்வது என்னவென்றால், நீ இதுவரை சேர்த்தது இங்கே பாதிக்குத்தான் செல்லும். இங்கே எடுபடும் பலம் வேறு. ஸ்கடூட்ரீ துண்டுகள் என்று 50 துண்டுகள் நிலமெங்கும் சிதறிக்கிடக்கின்றன, அவற்றைத் தேடி எடுத்து, கிரேஸ் என்ற இளைப்பாறும் இடத்தில் உட்கார்ந்து, மெனுவில் போய்க் காணிக்கையாக்கினால் ஒவ்வொரு நிலையாக 20 வரை ஏறலாம். நீ கொடுக்கும் அடியும் கூடும், வாங்கும் அடியும் குறையும். அந்த நிழல் உலகத்துக்கு வெளியே இதற்கு மதிப்பே இல்லை.

என் கதையையே சொல்கிறேன். லெவல் 140க்கு மேல் போய்விட்டது, ஆயுதத்தை முழுசாக ஏற்றிவைத்திருக்கிறேன், என்னை யார் என்ன செய்துவிட முடியும் என்று குதிரையை விரட்டிக்கொண்டு நேராக பெலுராட் கோட்டைக்குப் போனேன். அங்கே ஆடும் சிங்கம் என்று ஒரு பாஸ் இருக்கிறது, பெரிய தலையும் துணிபோல் அசையும் உடம்புமாக, உள்ளே இரண்டு பேர் நின்று ஆட்டுவது கால்களைப் பார்த்தால் தெரியும். காற்று, மின்னல், பனி என்று மாற்றி மாற்றி அடிக்கும். கேமரா அதன் உடம்புக்குள் சிக்கிக்கொண்டு எது தலை எது கால் என்றே புரியாது. இரண்டு அடி, ஆள் காலி. முதல் நாள் பதினைந்து தடவை செத்தேன். மறுநாள் கோபம் தணிந்தபின் வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்த்தால், முதல் முச்சந்தியிலேயே, மிக்கெல்லா என்ற பாத்திரத்தின் பெயரில் நிற்கும் சிலுவையடியில் ஒரு துண்டு மஞ்சளாக மின்னிக்கொண்டிருக்கிறது. குதிரை வேகத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே இங்கே தேடி மூன்று நிலை ஏறிவிட்டு அதே சிங்கத்திடம் போனேன். இந்தத் தடவை இரண்டு அடி வாங்கியும் உயிரைக் கூட்டும் குடுவையை எடுத்துக் குடிக்க நேரம் இருந்தது. மூன்றாவது முயற்சியில் விழுந்தது. கை அதே கைதான், நடுவில் மாறியது நான்கைந்து துண்டுகள்.

அந்தப் பதினைந்து சாவோடு நிறுத்திவிட்டு ஸ்டீமில் எழுத உட்கார்ந்திருந்தால் நானும் கட்டைவிரலைக் கீழேதான் போட்டிருப்பேன். அது பொய்யும் ஆகியிருக்காது. எனக்கு நேர்ந்ததைத்தானே எழுதியிருப்பேன்?

இந்த ஏற்பாட்டின் காரணம் எனக்குப் புரிகிறது, நல்ல யோசனை என்றும் சொல்வேன். ஒருவர் லெவல் 100இல் வருவார், இன்னொருவர் 250இல் வருவார். இருவருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பாஸை அமைக்க வேண்டுமென்றால் பழைய பலத்தைக் கொஞ்சம் ஓரங்கட்டத்தான் வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்கிறவனுக்குத்தான் பலம் கிடைக்கும் என்று வைத்தது இந்த ஆட்டத்தின் சுபாவத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வெளியான ஓரிரு நாளிலேயே, துண்டுகளைப் பயன்படுத்த மறக்காதீர்கள் என்று வெளியீட்டாளர் பண்டாய் நாம்கோ நினைவூட்டியது. ஒரு வாரம் ஆவதற்குள் அப்டேட் வந்து, ஆரம்ப நிலைகளில் கிடைக்கும் பலத்தைக் கூட்டிவிட்டார்கள். செப்டம்பரில் இன்னொரு அப்டேட்டில் கடைசி பாஸின் சில அடிகளைத் தணித்தார்கள் (யார் அந்தக் கடைசி பாஸ் என்று நான் சொல்லப்போவதில்லை, உங்கள் கட்டுரை படத்தோடு போட்டுவிட்டது, அதைத் தவிர்த்திருக்கலாம்). ஆடினவர்களின் புகாரில் ஒன்றுமே இல்லையென்றால் உருவாக்கியவர்களே ஏன் கை வைக்க வேண்டும்?

அதே நேரம், விமர்சகர்கள் விலைபோய்விட்டார்கள் என்று இணையத்தில் கத்துகிறார்களே, அதையும் என்னால் ஏற்க முடியாது. ஷேடோ கீப் கோட்டையைச் சுற்றி அந்த நிலத்தை மாடி மாடியாக அடுக்கியிருக்கும் விதம், கண்ணெதிரே தெரிகிற ஓர் இடத்துக்குப் போக மலைக்கு அடியில் புகுந்து வேறெங்கோ போய் வெளிவர வேண்டியிருப்பது, இதெல்லாம் அடிப்படை ஆட்டத்தில்கூட இந்த அளவுக்கு இல்லை. மெஸ்மர் என்ற பாஸுடன் நடக்கும் சண்டைக்கு ஈடாக இன்னொன்றை நான் ஆடியதில்லை. தெற்கே சில பரப்புகள் வெறிச்சோடிக் கிடப்பது குறைதான், அதைச் சில விமர்சனங்கள் சொல்லவும் செய்தன. 2024 இறுதியில் தி கேம் அவார்ட்ஸ் என்ற வீடியோ கேம் விருது விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான பட்டியலில் இந்த விரிவாக்கம் இடம்பெற்றபோது, அடிப்படை ஆட்டம் இல்லாமல் ஆட முடியாத ஒன்றை எப்படிச் சேர்க்கலாம் என்று சண்டை நடந்தது. விருது 'ஆஸ்ட்ரோ பாட்' என்ற ஆட்டத்துக்குப் போனது. 2016இலேயே 'விட்சர் 3' ஆட்டத்தின் 'பிளட் அண்ட் வைன்' விரிவாக்கம் அதே மேடையில் சிறந்த ஆர்பிஜி விருதை வாங்கிவிட்டதே, அப்போதே முடிந்துபோன வழக்கு இது என்பது என் எண்ணம்.

ஒரே ஆட்டத்தைப் பற்றி இருவர் எதிரெதிராக எழுதினாலும் இருவரும் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு இன்னொரு உதாரணம், 'சைபர்பங்க் 2077' ஆட்டம். 2020 டிசம்பரில் வந்தபோது சோனி தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிடும் அளவுக்கு மோசமாக இருந்தது. 2023இல் 'ஃபேண்டம் லிபர்ட்டி' விரிவாக்கம் வந்த சமயம் 2.0 அப்டேட்டும் வந்து, அடிப்படை ஆட்டமே ஆள் மாறிவிட்டது. 2020இல் திட்டியவரும் 2023இல் புகழ்ந்தவரும் நேர்மையாகத்தான் எழுதினார்கள், ஆடிய ஆட்டம்தான் வேறு வேறு. ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயிலும் ஜூன் 21இல் ஆடியவர் கண்டதும் அக்டோபரில் ஆடியவர் கண்டதும் ஒன்றில்லை. உங்கள் கட்டுரையாளர் எப்போது ஆடினார், கணினியிலா பிளேஸ்டேஷனிலா, எந்த அப்டேட்டுக்குப் பின், எத்தனை துண்டுகள் சேர்த்துவிட்டு என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாசகருக்கு 90 என்ற எண்ணைவிட அந்த ஒரு வரிதான் உதவும்.

அடுத்த விரிவாக்கத்தைப் பற்றி எழுதும்போது அந்த வரியைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். அப்புறம் 'பொறுமையற்ற தலைமுறை' என்ற அந்த இடைத்தலைப்பை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். பதினைந்து தடவை செத்துவிட்டு மறுநாளும் அதே சிங்கத்தின் முன்னால் போய் நின்றவர்களில் பலர் உங்கள் வாசகர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்