ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி ஓடுமா, ஓடாதா?

குமரி மாவட்டத்தில் டவுன் பஸ்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் நேரப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரை உங்கள் ஊழியர் ஒருவர் "யாரைக் கேட்டு எடுக்கீங்க?" என்று விரட்டிய விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். வராவிட்டாலும் அந்தப் பலகையை உங்களுக்குத் தெரியும். பாதி எழுத்து வெயிலிலும் மழையிலும் போய்விட்டது, மீதியின் மேல் டியூஷன் சென்டர் நோட்டீஸ். வண்டி எத்தனை மணிக்கு என்பது ராணுவ ரகசியம் என்றால் அதையாவது அந்தப் பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம், நாங்கள் பேசாமல் போயிருப்போம்.

நாங்கள் என்பது நாகர்கோவிலில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் கூடி, கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ், புரோகிராமிங் என்று பேசிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கூட்டம். கோணம் பக்கம் படிக்கும் பிள்ளைகள், மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், ரிட்டயர்டான ஒரு வாத்தியார். ரசவடையும் டீயும் உண்டு, அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணிக்கு, எந்தெந்த நாள் ஓடும் என்ற அட்டவணையை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள்.

இது ஏன் இப்போது என்று கேட்பீர்கள். போன மாதக் கூட்டத்துக்கு ஒரு மாணவி வந்திருந்தாள். தக்கலையில் இறங்கி வேறு வண்டி மாறி உள்ளே போக வேண்டிய ஊர். தானே எழுதிய ஒரு புரோகிராமை முதல்முறையாக நாலு பேர் முன்னால் காட்ட வந்தவள், பேச்சு பாதியில் இருக்கும்போதே மணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "சார், அஞ்சே காலுக்கு ஒரு வண்டி உண்டு, அதை விட்டா உறுதியா சொல்ல முடியாது" என்று லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். தக்கலை வரை பிரச்சினை இல்லை, நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, திருவனந்தபுரம் போகிற வண்டியெல்லாம் அந்த வழிதான். அங்கே போய் நின்றால் அஞ்சே கால் வண்டி இல்லை. விசாரித்தால் ஒருவர் வரும் என்கிறார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை அந்த டிரிப் கட் என்கிறார், மூன்றாவது ஒருவர் அது போன மாசமே நிறுத்தியாச்சே என்கிறார். மூன்று பேருமே உங்கள் காக்கிச் சட்டைதான். ஆறரைக்கும் அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், மழை வேறு. அம்மா போனுக்கு மேல் போன், "மக்ளே, எங்க நிக்கே?" என்று. கடைசியில் ஆட்டோவுக்கு முன்னூறு ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்தாள்.

2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறோம். ஆனால் காசில்லாமல் போக வேண்டிய பெண் முன்னூறு ரூபாய் கொடுத்துப் போனதற்குக் காரணம் வண்டி இல்லாததுகூட இல்லை, வண்டி இல்லை என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான். ஓடாது என்று தெரிந்திருந்தால் நாங்கள் கூட்டத்தையே காலையில் வைத்திருப்போம். டிரிப்பைக் கட் செய்வதில் உங்களுக்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம், ஆள் இல்லை, டீசல் கட்டுப்படியாகவில்லை என்று. அதில் நாங்கள் தலையிடவில்லை. கட் என்பதைச் சொல்லிவிட்டுக் கட் செய்யுங்கள் என்கிறோம்.

அந்தப் பெண் இனி வரமாட்டாள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான், சரி, நாமே ஓர் அட்டவணை தயார் செய்வோம் என்று பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். விரட்டப்பட்ட கதை மேலே இருக்கிறது.

கேட்ட தகவலை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டரை சர்வர் என்போம், இப்போதைக்கு எங்கள் சர்வர் டீக்கடை அண்ணாச்சிதான். எந்த வண்டி எப்போது, எந்த டிரைவர் லீவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டால் சர்வர் டவுன், அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. வெளியூர்க்காரர் நிலைமை இன்னும் மோசம். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்குவார், டவுன் பஸ் அண்ணா பேருந்து நிலையத்தில் நிற்கும், இதையே அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டும். அங்கே போய்க் குளச்சல் என்று போர்டு பார்த்து ஏறினால் அது திங்கள்சந்தை வழியா, ராஜாக்கமங்கலம் மண்டைக்காடு வழியா என்று கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் தெரியும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் இது, 91 சதவீதத்துக்கும் மேல். இத்தனை பேர் படிக்கத் தெரிந்த ஊரில் படிப்பதற்கு ஒரு பலகை இல்லை.

பெங்களூருவில் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்புக்குப் புரோகிராம் எழுதுகிற பையன்கள் இந்த ஊரில் பிறந்தவர்கள்தான் ஐயா. ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஊருக்கு வந்தால் அவர்களும் கையை நெற்றியில் வைத்து ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளைகள் ஊரிலேயே இருந்து தொழில் செய்ய வேண்டும், டிஜிட்டலாக வேண்டும் என்று ஒவ்வொரு மேடையிலும் பேசுகிறார்கள், அந்த மேடைக்கு பஸ்ஸில் வந்தவர் ஒருவராவது இருப்பாரா என்று... சரி, அது உங்கள் துறை இல்லை, விட்டுவிடுகிறோம்.

அட்டவணை வெளியிடுவது பெரிய வேலை, டெண்டர் விட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் அட்டவணையை ஆப்புகள் படிக்கிற மாதிரி எழுதி வைக்க ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு வடிவம் இருக்கிறது, 2005 இல் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகர பஸ்களுக்காகத் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க அதுதான். கேட்கத்தான் பெரிய பெயர், உள்ளே இருப்பது கமா போட்டு எழுதிய சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள். நிறுத்தங்கள் ஒன்றில், வழித்தடங்கள் ஒன்றில், டிரிப்புகள் ஒன்றில், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணி என்பது ஒன்றில். எந்த நாள் ஓடும் என்பதற்கே தனிக் கோப்பு, ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ஓடினால் 1, ஓடாவிட்டால் 0. அந்த ஒரு பூஜ்யம் முன்பே எழுதப்பட்டிருந்தால் அந்தப் பெண் மழையில் நின்றிருக்க மாட்டாள். நள்ளிரவு தாண்டி ஓடும் வண்டிக்கு 25:10, அதாவது இரவு ஒன்று பத்து, என்றுகூட நேரம் போடலாம் அதில். நமக்கு அது தேவைப்படாது, உள்ளூர் வண்டியெல்லாம் அதற்கு ரொம்ப முன்பே தூங்கிவிடுகிறது. பக்கத்து மாநிலத்தில் கொச்சி மெட்ரோ 2018 லேயே தன் அட்டவணையை இந்த வடிவில் பொதுவில் வைத்துவிட்டது.

வடிவம் எங்கள் பொறுப்பு. டைம் கீப்பர் மேசையில் இருக்கும் நோட்டின் நகல் போதும், கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, டைப் அடித்துச் சரிபார்த்து, பலகைக்குப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்தும் தருகிறோம். காசு வேண்டாம், டீயும் நாங்களே வாங்கித் தருகிறோம். மாற்றம் வந்தால் மட்டும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

2005 ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பற்றியது என்று எங்கள் ரிட்டயர்ட் வாத்தியார் நினைவூட்டச் சொன்னார். பத்து ரூபாய் கட்டி மனு போடவும் தெரியும், பதிலுக்கு 30 நாள் காத்திருக்கவும் தெரியும், உங்கள் நிறுத்தங்களில் நின்று பழகியவர்கள்தானே. ஆனால் அந்த அளவுக்குப் போக எங்களுக்கு விருப்பமில்லை. தயவுசெய்து அட்டவணையை வெளியிடுங்கள். போட்டோ எடுக்கிற பிள்ளைகளை விரட்ட வேண்டாம் என்று ஊழியர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நகல் வாங்க எந்த அலுவலகத்துக்கு, எப்போது வர வேண்டும் என்று தெரிவித்தால் வந்து பெற்றுக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வதாக இருந்தால், எந்த வண்டியில் வருவது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாதம் ஒரு ஞாயிறு கூடும் கூட்டத்தின் சார்பில், தினமும் டவுன் பஸ்ஸில் போகும் ஒருவன்
நாகர்கோவில்